குண்டூசியின் குரல்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் எனக்குத்தான் வந்தது. அண்ணன் போன் எடுக்க மாட்டான். "மெஷின் சத்தத்துல ஒண்ணும் விளங்காது, மெசேஜ் போடு" என்பான். அவசரத்துக்கு என்று என் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தான்.

"குழந்தையோட அத்தையா பேசறீங்க? நான் ரெண்டாம் வகுப்பு டீச்சர். உங்க பொண்ணு பள்ளிக்கூடம் திறந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசல. கேள்வி கேட்டா உதடு மட்டும் அசையுது, சத்தம் வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை பெரிய டீச்சர் முன்னாடி ஒருதரம் வாசிக்கச் சொல்லுவோம். வாசிக்கலன்னா பின்கட்டு வகுப்புக்கு மாத்தறதா முடிவு பண்ணியிருக்காங்க. அந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு அங்க நல்ல கவனிப்பு."

"எந்த மாதிரிக் குழந்தைங்க?"

"உங்களுக்குத் தெரியாததா? தாயில்லாத பிள்ளை. அப்பாவும் அவ்வளவாப் படிக்கல. வீட்ல பேச்சுக் கொடுக்க ஆள் இல்லன்னா குழந்தை இப்படித்தான் ஆகும்."

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான். குடிநீர் வாரியத்துக்குப் புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்களிடம் காதில் மாட்டிய கருவியோடு பகல் முழுக்கப் பேசுவது என் வேலை. முகம் தெரியாதவன் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும் உட்கார்ந்தபடிதான் பதில் சொல்வேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு என் கால்கள் மேலேயே கோபம் வந்தது.

பின்கட்டு வகுப்பை எனக்குத் தெரியும். நானும் அதே பள்ளிதான். ஆணி ஆலை தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நடத்துகிற பள்ளி அது. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே ஜன்னல். பால்பல் விழாததும் மீசை முளைத்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காகிதம் வெட்டி ஒட்டும். முன்கட்டிலிருந்து அங்கே போனவர்கள் உண்டு. அங்கிருந்து முன்கட்டுக்குத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. சில வருஷம் கழித்து ஆலை முற்றத்தைக் கூட்டுகிறவர்களில் அவர்களைப் பார்க்கலாம்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் வெளியூரிலிருந்து வேலையை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தங்கியிருப்பது மகளிர் விடுதியில். முன்பெல்லாம் விடுமுறைக்கு வந்துபோகும்போது குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதோரம் ரகசியம் போல ஏதோ முணுமுணுக்கும். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

படிக்கட்டிலேயே கீழ்வீட்டுத் தையல்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உங்கண்ணன் மேல பொண்ணு வளக்கறாரா, குதிரை வளக்கறாரா? தொம்மு தொம்முனு மிதி. அது மிதிக்கற மிதியில என் ஊசி துணியை விட்டுட்டு விரல்ல ஏறுது."

"சின்னப் பொண்ணுக்கா. விளையாடத்தான் செய்யும்."

"விளையாட்டுன்னா சிரிப்பு வரணும், அழுகை வரணும். அதெல்லாம் ஒண்ணும் இல்ல. மிதி மட்டும்தான் வருது. எனக்கே பயமா இருக்கு."

மேலே கதவு திறந்தே இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அண்ணன் கதவுக்கு முதுகைக் காட்டி, தரையில் மடித்துப் போட்ட கம்பளி மேல் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாளைய ரொட்டி டப்பா துடைத்துக் கவிழ்த்திருந்தது. ஜன்னல் கம்பியில் சின்னச் சின்னக் காலுறைகள் ஜோடி மாறாமல் காய்ந்தன. அண்ணி போய்ச் சேர்ந்தபோது இவனுக்குப் பால் ஆற்றக்கூடத் தெரியாது. இப்போது பொத்தான் தைக்கிறான், பேன் பார்க்கிறான், ஆலைக்குப் போகுமுன் தலை பின்னிவிடுகிறான். கம்பி முறுக்கிய கை. சாயங்காலம்வரை ஒரு முடி பிசகாது, குழந்தைக்குத்தான் புருவம் கொஞ்சம் மேலே இழுத்தபடி இருக்கும்.

குண்டூசி என்னைப் பார்த்துவிட்டாள். அது அவன் வைத்த பெயர். ஆணி ஆலைக்காரன் வீட்டில் பிறந்ததிலேயே சின்னது, ஆனாலும் தலை உண்டு என்பான். அவள் குரல் கொடுக்கவில்லை. தரையில் காலால் இரண்டு மிதி மிதித்தாள். அண்ணன் திரும்பினான்.

"வா டிகிரி! எப்ப வந்தே?" ஊரே கேட்கும்படி கத்தினான். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆலைக்காரர்கள் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள்.

"ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சு. இவ கிளாஸ்ல வாயே திறக்கறதில்லையாம்."

என் முகத்தையே பார்த்துக் கேட்டவன் சிரித்துவிட்டான். "யாரு, இவளா? அவங்க வேற யாரையோ சொல்றாங்க. இவ தூங்கற வரைக்கும் நொய்நொய்னு என் உயிரை எடுக்கறா. வாயை மூட ஒரு மூடி செய்யச் சொல்லி ஆலையில ஆர்டர் கொடுக்கலாம்னு இருக்கேன்."

குண்டூசி அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் திரும்பியதும் உதடுகளை அகலமாகத் திறந்து, குவித்து, இழுத்து, கண்ணையும் புருவத்தையும் சேர்த்துக்கொண்டு வேகமாக எதையோ சொன்னாள். சத்தம் இல்லை. மூச்சுக்கூட இல்லை.

"சரி சரி, நாளைக்கு வாங்கலாம். அழாதே" என்றான் அவன்.

"அண்ணா, இப்ப அவ என்ன சொன்னா?"

"ரப்பர் தொலைஞ்சு போச்சாம். ஏன், உன் காதுல விழலையா?"

அவன் மறுபடி இஸ்திரிக்குத் திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு அவன் முதுகைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னேன்.

"அண்ணா, உன் சட்டை பத்திக்கிச்சு."

அவன் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான்.

"அண்ணா! முதுகுல நெருப்பு."

குழந்தை முகம் வெளுத்துப் போயிற்று. ஓடிவந்து அவன் முதுகைத் தடவிப் பார்த்தாள், பிறகு எதிரே போய் உதட்டால் சொன்னாள். அவன் துள்ளி எழுந்து இரண்டு கையாலும் முதுகில் அடித்துக்கொண்டான். "எங்க? எங்க நெருப்பு?"

அப்புறம்தான் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். சீருடையின் கழுத்துப்பட்டி மேல் விட்ட இஸ்திரிப் பெட்டியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. குண்டூசிதான் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். "இவ அம்மா இருக்கும்போதே பாதி போயிடுச்சு. மீதி கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. இப்ப லாரி பக்கத்துல வந்தா மண்ணு அதிர்றது தெரியும். அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஆலை டாக்டர்கிட்ட போனா சீட்டு எழுதுவாரு. சீட்டு ஆபீசுக்குப் போவும். செவிட்டு ஆளை மெஷின்ல வெச்சிருப்பாங்களா? சத்தம் மாறுச்சுன்னா உடனே நிறுத்தணும். நான் மெஷின் மூடி மேல உள்ளங்கையை வெச்சுப் பாத்துக்கறேன். பக்கத்து மெஷின்காரரு கண்ணைக் காட்டுவாரு. ஓடிட்டிருக்கு. விடு."

ஆணி ஆலைக்குள் யாரும் குரலால் பேசுவதில்லை. கம்பியை இழுத்து, வெட்டி, ஒரே அடியில் தலை தட்டுகிற இயந்திரங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அங்கே கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குடும்பச் சண்டை, சம்பளப் பாக்கி, கிசுகிசு எல்லாம் ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் போய்ச் சேரும். அந்தப் பேச்சை அண்ணன் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தும் விட்டான். என் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொல்லு என்று மட்டும்தான் அவன் கேட்டான். சத்தம் போடாதே என்று அவன் சொல்லவில்லை. எந்தச் சத்தம் போட்டாலும் அப்பா திரும்பவில்லை என்பதைக் குழந்தை தானாகவே தெரிந்துகொண்டது.

"அண்ணா, இவ உன்கிட்ட பேசும்போது சத்தமே வரல. உதடு மட்டும்தான் ஆடுது."

"சும்மா உளறாதே."

"உன் மேல ஆணையா. நான் வந்ததுலேருந்து அவ குரலை நான் கேக்கவே இல்ல."

அவன் மகளைப் பார்த்தான். "குண்டூசி, நீ சத்தமாத்தானே பேசறே?"

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். அந்த வீட்டில் தரையைப் பார்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. அவன் ஒரு விரலால் அவள் மோவாயை நிமிர்த்தினான். பிறகு இயந்திரத்தின் மூடி மேல் வைப்பது போல உள்ளங்கையை விரித்து அவள் தொண்டையில் வைத்தான்.

"பேசு."

அவள் உதடு அப்பா என்றது. எனக்கே படிக்க முடிந்தது. இன்னொரு தரமும் சொன்னாள். அவன் கை அங்கேயே இருந்தது.

"ஓடல" என்றான். அவன் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகள் ஓயாமல் பேசுகிறாள் என்று இத்தனை நாளும் சந்தோஷமாக இருந்திருக்கிறான். அவனுக்கு எல்லாமே கண்ணால் வருவதால், அவள் குரலை விட்டுவிட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. உலகத்தில் வேறு எந்தத் தகப்பனும் செய்ய முடியாத தப்பு அது. கோபப்பட ஆள் தேடி வந்திருந்த எனக்கு அவனைத் திட்டவும் வாய் வரவில்லை.

ஏன் என்று அவன் கேட்டான். அவள் உதட்டால் நீளமாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. காது கேட்காதவன், காது கேட்கிற எனக்கு அவள் பேச்சை வாய்விட்டுச் சொன்னான்.

"போன வருஷம் டீச்சர் பேரு கேட்டாங்களாம். நான் பேசற மாதிரி சத்தமாச் சொன்னாளாம். எல்லாரும் சிரிச்சாங்களாம். டீச்சர், கத்தாதேன்னு வெளிய நிக்க வெச்சாங்களாம். அப்புறம் மெதுவாச் சொன்னாளாம். இன்னும் மெதுவான்னாங்களாம்."

"அப்புறம்?"

"அப்புறம் நம்ம பேச்சு பேசினேங்கறா."

பின்கட்டைப் பற்றி நான் சொன்னேன். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பார்வையை எடுக்கவில்லை. "விஷயத்தை அவங்ககிட்ட சொல்லிடு, அண்ணா. இவளுக்குக் குறை ஒண்ணும் இல்ல, எனக்குத்தான் காது கேக்கலன்னு சொல்லு. அவ்வளவுதானே?"

"உனக்கு டிகிரி கொடுத்தவன் புத்தியை எங்க வெச்சுட்டுப் போனான்? பெரிய டீச்சர் வீட்டுக்காரர் யாரு? ஆலையில ஆள் எடுக்கறதும் அவருதான், அனுப்பறதும் அவருதான். காலையில அங்க சொன்னா மத்தியானச் சங்கு ஊதறதுக்குள்ள ஆலைக்கு வந்துடும். என்னை மெஷினை விட்டு இறக்கிட்டா இவளுக்கு யாரு?"

"சொல்லலன்னா இவளைக் கொண்டுபோய் காகிதம் ஒட்ட வெச்சுடுவாங்க."

"வாசிப்பா. நான் வாசிக்க வெக்கறேன். நீ அங்க வந்து வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

மறுநாள் போனபோது அவளை மடியில் உட்கார வைத்து, தொண்டையில் உள்ளங்கையை வைத்து, பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான். முதலில் காற்று மட்டும் வந்தது. பிறகு எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு கிறீச்சு. அவனுக்குக் கையில் அது தெரிந்தது. "ஓடுது! ஓடுது!" என்று கத்தினான். அவள் சிரித்தாள். சிரிப்புக்குக் குரல் இருந்தது. அந்த வாரம் பாதி ஆலை வேலை, பாதி இந்த வேலை. முயலும் வாளியும் என்று ஒரு பாடம், அதை அவள் முழுதாக வாசித்துவிட்டாள். ஆனால் கையை எடுத்தால் குரல் நின்றுவிடும். அவன் மறுபடி வைப்பான். மறுபடி வரும். கடைசிவரை அது அப்படியேதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை. குண்டூசியின் கழுத்துப்பட்டியில் இஸ்திரி சுட்ட பழுப்புத் தடம் அப்படியே இருந்தது. மாற்றுச் சீருடை கிடையாது. பின்னலை முன்னால் எடுத்துவிட்டு அதை மறைத்திருந்தான் அண்ணன்.

பெரிய டீச்சரின் அறையில் எங்களுக்குப் போட்டிருந்தது பிள்ளைகளின் குட்டை நாற்காலி. முழங்கால் மோவாயைத் தொட அண்ணன் உட்கார்ந்திருந்தான். மேசை மேல் காகிதம் பறக்காமல் இருக்க ஆலையில் செய்த பெரிய ஆணி ஒன்று படுத்திருந்தது. வகுப்பாசிரியை சுவரோரம் நின்றார். குண்டூசி அப்பாவை ஒட்டி, அவன் முகம் பார்க்கிற மாதிரி கொஞ்சம் திரும்பி நின்றாள்.

பெரிய டீச்சர் மேசை இழுப்பறையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "வீட்ல குழந்தைகிட்ட பேசறதுண்டா?"

அண்ணனுக்கு உதடு தெரியவில்லை. குண்டூசியின் வாய் அசைந்தது. வீட்ல பேசறதுண்டான்னு கேக்கறாங்க.

"பேசாம? நல்லாப் பேசுவோம்ங்க!" என்றான் அவன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கத்தாதீங்க. ஸ்கூல் நடக்குது."

"பாத்தீங்களா டீச்சர், இப்பக்கூட அதேதான் பண்றா" என்றார் வகுப்பாசிரியை. "உதடுதான் ஆடுது. யாரோ பக்கத்துல இருக்கற மாதிரித் தனக்குத்தானே பேசிக்குது."

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறக்காதே என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கண்ணாடி கிடைத்துவிட்டது. பாடப்புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுத்தார்கள். "எங்க, வாசி பாக்கலாம்."

முயலும் வாளியும். அவளுக்கு மனப்பாடம். உதடு முதல் வரியைச் சொன்னது, இரண்டாவதைச் சொன்னது. அறையில் மின்விசிறிதான் கேட்டது. அண்ணனின் வலது கை முழங்காலிலிருந்து எழுந்தது. அவள் தொண்டையை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. ஏன் அங்கே கை வைக்கிறாய் என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? கை திரும்பி முழங்காலுக்கே வந்தது. அப்போது அவன் முகத்தை நான் பார்த்தேன். இன்னொரு தரம் பார்க்க வேண்டாம் அந்த முகத்தை.

"போதும்மா, போதும்" என்றார் பெரிய டீச்சர். கெட்டவர் மாதிரிச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். "இதுல நம்ம கையில ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமைலேருந்து பின்கட்டுல உட்காரட்டும்."

இந்தத் தடவை அவர் நிமிர்ந்து பேசினார். அண்ணன் அந்த உதட்டைப் படித்தான். குட்டை நாற்காலி சாய எழுந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம்ங்க. இவகிட்ட குறை ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் காது கேக்காது."

வகுப்பாசிரியை பெரிய டீச்சரைப் பார்த்தார்.

"சுத்தமாக் கேக்காது. நீங்க பேசறதை இவதான் எனக்கு உதட்டால சொல்றா. ஆலையில நாங்க அப்படித்தான் பேசுவோம். அதையேதான் இவளும் கத்துக்கிட்டா. எனக்காக அப்படிப் பேசிப் பேசி..."

அதற்குமேல் அவனைச் சொல்ல விடவில்லை அவள். புத்தகத்தைக் கீழே போட்டாள். அவன் இடுப்பைப் பிடித்து ஏறி, இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டு கத்தினாள்.

"பொய்! எங்கப்பாவுக்குக் காது கேக்கும்! எல்லாம் கேக்கும்! பொய் சொல்றாரு, நம்பாதீங்க!"

பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். நான் அவள் குரலை வார்த்தையாகக் கேட்டது அன்றுதான், புத்தகத்து வரி இல்லாமல் அவளுடைய சொந்த வார்த்தையாக. கரகரப்பான, கட்டையான, சின்னப் பெண்ணுக்குப் பொருந்தாத குரல். ஒவ்வொரு சொல்லும் கூடத்தின் கோடிவரை போய்ச் சேர வேண்டும் என்பது மாதிரித் தெளிவாக வந்தது.

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது, அவனைத் தவிர. அவள் முகம் அவன் கழுத்தில் புதைந்திருந்ததால் உதடும் தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் ஏதோ அதிர்ந்திருக்க வேண்டும். உள்ளங்கையை அவள் முதுகில் விரித்து வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"என்ன சொல்றா?" என்றான். "என்ன சொல்றா அவ?"

நான் எழுந்து அவன் எதிரே போய், சத்தம் இல்லாமல், உதட்டை நன்றாகத் திறந்து சொன்னேன். உனக்குக் காது கேக்கும்னு சொல்றா.

"சத்தமாவா?"

சத்தமாத்தான்.

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை.

குழந்தை முன்கட்டிலேயே இருக்கட்டும் என்று பெரிய டீச்சர் முடிவு சொன்னார். கதவுவரை வந்தபோது, "அவரை ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த நிலைமையில மெஷின்ல நிக்கறது அவருக்கே ஆபத்து" என்றார் என்னிடம். அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறை எந்த வழியாக எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கு அங்கே முடிந்தது.

"பிறக்கும்போது நல்லாக் கேட்ட காதுங்க அது. உங்க ஆலைதான் தின்னுச்சு. அதை வீட்ல சொல்லுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் காது கேட்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரமே அண்ணனை இயந்திரத்திலிருந்து இறக்கி முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆணிப் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற வேலை. உன் பாதுகாப்புக்குத்தான் என்றாராம் சூப்பர்வைசர். இத்தனை வருஷம் காதுக்கு ஒரு பஞ்சுகூடக் கொடுக்காதவர்களுக்குத் திடீரென்று பாதுகாப்பு பொங்கிவிட்டது. முதல் நாள் தோல் உரிந்த தோளோடு வந்தான். பக்கத்து மெஷின்காரர் இப்போது யாருக்கும் கண் காட்ட வேண்டியதில்லை, ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் முற்றத்துக்கு வந்து இவனோடு உதட்டால் பேசிவிட்டுப் போகிறாராம்.

அவன் காதுக்கு நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த ஜன்னலில் கேட்டால் அந்த ஜன்னல் என்கிறார்கள். அந்த ஜன்னலில் இருப்பவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். "விட்டுடு டிகிரி, அதெல்லாம் நடக்கற காரியமா" என்கிறான் அண்ணன். விட மாட்டேன். என்னைப் படிக்க வைத்தது அந்த மெஷின் சம்பளம்தான். அவன் காது எங்கே போயிற்று என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வகுப்பாசிரியை மறுபடி போன் செய்தார். "இப்ப ரொம்பக் கத்தறா உங்க பொண்ணு. பக்கத்து கிளாஸ்லேருந்து புகார் வருது."

"கத்தட்டும் டீச்சர்" என்றேன். உட்கார்ந்தபடிதான் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் போயிருந்தேன். படிக்கட்டில் தையல்காரம்மா நிறுத்தினாள். சண்டைக்குத்தான் என்று நினைத்துத் தயாரானேன். "அந்த வாளிக்குள்ள விழுந்த முயலு வெளிய வந்துச்சா இல்லையா? நேத்து பாதியில நிறுத்திட்டா" என்றாள்.

மேலே குண்டூசி தரையில் குப்புறப் படுத்து வாசித்துக்கொண்டிருந்தாள், சத்தமாக. அண்ணன் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் புரட்டுகிற நேரத்தில் என் பக்கம் குனிந்தான். ரகசியம் பேசுவதாக அவனுக்கு நினைப்பு. கீழ்வீடுவரை கேட்டிருக்கும்.

"அவ குரல் எப்படி இருக்கு? அவ அம்மா மாதிரியா?"

அண்ணியின் குரல் மெல்லியது. கூப்பிட்டால் திரும்பத் தோன்றும் குரல். அவன் கடைசியாக நன்றாகக் கேட்ட குரல் அதுவாகத்தான் இருக்கும். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு எப்படித் தெரியப்போகிறது?

"இல்ல" என்றேன். "அப்படியே உன்னை மாதிரி."

அவன் தைலம் தேய்ப்பதை நிறுத்தினான். "என் குரல் எப்படி இருக்கும்?"

பகல் முழுக்கக் குரல்களைக் கேட்டுச் சம்பாதிக்கிறவள் நான்.

"துருப் பிடிச்ச ஆணியைப் பலகையிலேருந்து பிடுங்கற மாதிரி இருக்கும்."

என் உதட்டைப் படித்து முடித்ததும் அவன் சிரித்தான், சுவர் அதிர. குண்டூசி வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் முறைத்தாள். எழுந்து வந்தாள். தைலம் பட்டிருந்த அவன் கையைத் தன் பாவாடையில் துடைத்து, எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"கவனிப்பா" என்றாள், உதட்டாலும் குரலாலும் சேர்த்து. முயல் இன்னும் வாளிக்குள்தான் இருந்தது. விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.